குப்பை போட்ட அம்மாவின் போட்டோவைத் தெருக் குரூப்பில் போட்டது சரியா?

#1 மர்பிடவுன் வாசி

எல்லாருக்கும் வணக்கம். ஒரு வாரமாக மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதனால் இங்கே கேட்கிறேன்.

பெங்களூரில் எங்கள் தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. 2020 ஊரடங்கில் ஆரம்பித்தது. யாருக்கு மருந்து வேண்டும், எந்தக் கடை திறந்திருக்கிறது என்று பேசிக்கொண்டோம். அப்புறம் தண்ணீர், கரண்ட், தெருவிளக்கு என்று எல்லாமே அதற்குள் வந்துவிட்டது. இப்போது 140 பேர். அட்மின் இரண்டு பேர், அதில் நான் ஒருவன்.

கிராஸ் முனையில் டிரான்ஸ்பார்மருக்குக் கீழே ஒரு பிளாக் ஸ்பாட், அதாவது ஆட்கள் குப்பை கொட்டிக் கொட்டியே பழகிப்போன இடம். காலையில் பெருக்கி அள்ளிக்கொண்டு போனால், மறுநாள் விடிவதற்குள் பத்துப் பதினைந்து கவர் கிடக்கும். நாய்கள் கிழித்து ரோடு முழுக்க இழுத்துப் போட்டுவிடும். மாநகராட்சி ஆப்பில் மூன்று முறை புகார் கொடுத்தோம். மூன்று முறையும் 'தீர்க்கப்பட்டது' என்று பதில் வந்தது. ஒரு முறை சுத்தம் செய்ததற்கு ஆதாரமாக இணைத்திருந்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது எங்கள் தெருவே இல்லை.

இந்த எரிச்சலில் எல்லாரும் இருந்தபோதுதான், ஒருவர் மாடியிலிருந்து எடுத்த போட்டோவைக் குரூப்பில் போட்டார். காலை ஐந்தரை மணி இருக்கும். ஒரு அம்மா, கையில் கறுப்புக் கவர். தெருவிளக்கு வெளிச்சத்தில் முகம் தெளிவாகத் தெரிகிறது. 'யார் இது, கண்டுபிடியுங்கள்' என்று கீழே எழுதியிருந்தார். பத்து நிமிடத்தில் நாற்பது பதில். யாரோ பெயரைச் சொன்னார்கள், இன்னொருவர் வீட்டைச் சொன்னார். 'குப்பையை அவங்க வாசல்லயே கொட்டணும்' என்றார் ஒருவர். நானும் ஒரு கட்டைவிரல் குறி போட்டேன். அட்மினாக நான் உடனே அழித்திருக்க வேண்டும். செய்யவில்லை.

அந்த அம்மா குரூப்பில் இல்லை. அவரிடம் இருப்பது பட்டன் போன். பத்தாவது படிக்கும் அவர் மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் யாரோ அந்தப் போட்டோவைக் காட்டியிருக்கிறார்கள். அன்று சாயங்காலம் அவன் எங்கள் கதவைத் தட்டினான். "அண்ணா, எங்கம்மா போட்டோவ எடுத்துடுங்கண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு அப்படியே நின்றான். அவன் முன்னாலேயே அழித்தேன். ஆனால் அதற்குள் எத்தனை பேர் எங்கெங்கே அனுப்பினார்களோ, அதை எப்படி அழிப்பது?

குரூப்பைக் கலைத்துவிடலாமா? இல்லை, ஏதாவது விதி வைக்கலாமா? உங்கள் ஏரியாவில் எப்படி நடத்துகிறீர்கள்?

#2 ராமமூர்த்திநகர் செக்ரட்டரி

தம்பி, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு, சொல்லிவிடுகிறேன்.

வீட்டிலேயே குப்பையைப் பிரிக்க வேண்டும் என்று இந்த ஊரில் உயர்நீதிமன்றம் சொல்லிப் பல வருஷம் ஆகிறது. ஈரக் குப்பைக்குப் பச்சைத் தொட்டி, நாப்கின் மாதிரியானவற்றுக்குச் சிவப்புத் தொட்டி, உலர்ந்த குப்பைக்கு ஒரு பை. 2015 டிசம்பரிலேயே வந்த உத்தரவு இது. பிரிக்காமல் போட்ட குப்பை எங்கே போனது? ஊருக்கு வெளியே இருக்கும் மண்டூர் கிராமத்துக்குப் போனது. அந்த ஊர் மக்கள் நாற்றத்திலும் ஈயிலும் வருஷக்கணக்காக வாழ்ந்து, போராடி, 2014 டிசம்பரில்தான் அங்கே கொட்டுவது நின்றது. தெருமுனையில் ஒரு கவர் போடுவது சின்ன விஷயம் இல்லை.

எங்கள் லேஅவுட்டில் கேமரா வைத்த பிறகுதான் பிளாக் ஸ்பாட் போனது. 2025 அக்டோபர் கடைசியில், தெருவில் குப்பை போட்டவர்கள் வீட்டு வாசலிலேயே குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டும் நடவடிக்கையை நகர நிர்வாகமே எடுத்தது. பயம் இல்லாமல் பழக்கம் மாறாது என்பது என் அனுபவம். எங்கள் லேஅவுட்டில் இரண்டு குழந்தைகளுக்கு டெங்கு வந்தது. அந்தப் பெற்றோர்களிடம் நான் என்ன சொல்ல முடியும்?

#3 விவேக்நகர் செல்வி

செக்ரட்டரி சார், உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த அம்மா ஐந்தரை மணிக்கு ஏன் கவரோடு வெளியே வந்தார் என்று இங்கே யாரும் கேட்கவில்லையே.

என் அம்மா இருபத்திரண்டு வருஷம் வீட்டு வேலை செய்தார். ஐந்தே முக்காலுக்குக் கிளம்புவார். முதல் வீட்டில் வாசல் தெளித்து, பாத்திரம் தேய்த்துவிட்டு இரண்டாவது வீட்டுக்குப் போகும்போது ஏழரை ஆகிவிடும். எங்கள் சந்துக்குக் குப்பை ஆட்டோ எட்டரைக்கு மேல்தான் வரும். "ஹசி கசா, ஒண கசா" (ஈரக் குப்பை, உலர்ந்த குப்பை) என்று கன்னடத்தில் கத்திக்கொண்டு வரும்போது எங்கள் வரிசையில் பெரியவர்கள் யாரும் வீட்டில் இருக்கமாட்டார்கள். நாங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போயிருப்போம். பூட்டிய ஒற்றை அறைக்குள் மத்தி மீன் செவுளையும் குடலையும் சாயங்காலம் வரை வைத்திருக்க முடியுமா? வெளியே வைத்தால் எலி, பெருச்சாளி. அதனால் அம்மாவும் ஒரு கவரில் கட்டிக்கொண்டு போய் முனையில் போட்டவர்தான். போட்டுவிட்டு யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்ப்பார். அந்த முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. நல்லவேளை, அப்போது மாடியிலிருந்து போட்டோ எடுக்கும் போன் யாரிடமும் இல்லை.

அவர் வேலை செய்த வீடுகளின் குப்பை எல்லாம் பிரித்து, தொட்டியில் அழகாக இருக்கும். பிரித்து வைத்ததே அம்மாதான்.

இன்னொன்று. என் சித்தி பௌரகார்மிகர், மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர். விடியற்காலையில் போய்க் கைரேகை வைத்தால்தான் அன்றைக்கு வருகை. ஐந்து நிமிடம் தாமதமானால் கெஞ்ச வேண்டும். சித்திக்குக் கைரேகை மிஷின், அந்த அம்மாவுக்கு மாடியிலிருந்து கேமரா. ஆட்டோ எத்தனை மணிக்கு வந்தது, எந்தச் சந்தை விட்டுவிட்டுப் போனது என்று பார்க்க நம் கையில் என்ன இருக்கிறது? அதைக் கேட்டுச் சொல்லுங்கள் அண்ணா.

#4 மர்பிடவுன் வாசி

செல்வி, நீங்கள் எழுதியதை வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். எங்கள் தெருவுக்கு ஆட்டோ எட்டு மணிக்கு வரும். பின் சந்துக்குள் போகிறதா என்று இத்தனை வருஷத்தில் நான் கவனித்ததில்லை. நாளைக்குப் பார்க்கிறேன்.

#5 ஸ்ரீராமபுரம் பெரியவர்

நான் இந்த ஊரில் அறுபது வருஷமாக இருக்கிறேன். பேரன் டைப் அடித்துத் தருகிறான்.

முன்பெல்லாம் சாக்கடை அடைத்தால் கவுன்சிலர் வீட்டுத் திண்ணைக்குப் போவோம். காலை ஏழு மணிக்கே அங்கே பத்துப் பேர் நிற்பார்கள். அவர் பல் தேய்த்துக்கொண்டே கேட்பார். வேலை நடந்ததோ இல்லையோ, திட்டுவதற்கு ஒரு ஆள் இருந்தார். அடுத்த தேர்தலில் நம் தெருவுக்கு வரவேண்டுமே என்ற பயம் அவருக்கு இருந்தது.

2020 செப்டம்பரில் மாநகராட்சி சபையின் காலம் முடிந்தது. அதற்கப்புறம் வருஷக்கணக்காகத் தேர்தல் இல்லை. 2010 தேர்தலில் 198 வார்டு. பிறகு 243 என்றார்கள், அதற்கும் பிறகு 225. 2025 செப்டம்பரில் ஊரையே மத்தி, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று ஐந்து மாநகராட்சியாகப் பிரித்தாகிவிட்டது. எங்கள் குரூப்புக்கு வார்டு நம்பரைத்தான் பெயராக வைத்திருந்தார்கள். அந்த நம்பர் இப்போது வேறு ஏரியா. என் மாதிரி ஆட்களுக்கு எந்த ஆபீசுக்குப் போவது என்பதே புரிவதில்லை.

திட்டுவதற்கு மேலே ஆள் இல்லாதபோது ஜனங்கள் பக்கத்து வீட்டுக்காரரைத்தான் திட்டுவார்கள். உங்கள் குரூப்பில் நடந்ததும் அதுதான் என்று நினைக்கிறேன்.

அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள் உள்ள நகரங்களில் வார்டு கமிட்டி இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. இங்கே மாதத்தின் முதல் சனிக்கிழமை கூட்டம் என்று வைத்திருந்தார்கள். நான் நாலைந்து கூட்டத்துக்குப் போயிருக்கிறேன். குரூப்பில் நூற்றைம்பது பேர் பேசுவார்கள், கூட்டத்துக்கு ஆறு பேர் வருவோம். வந்த ஆறு பேரும் சொந்த வீட்டுக்காரர்கள், என்னையும் சேர்த்து. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு அப்படி ஒரு கூட்டம் நடப்பதே தெரியாது.

#6 ஈஜிபுரா தம்பி

பெரியவர் சொன்னது நூற்றுக்கு நூறு.

ஆப் புகார் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், அலுவலக நண்பர்களோடு இரண்டு வருஷமாக இதைச் செய்கிறோம். போட்டோ எடுக்கும்போது இடமும் நேரமும் படத்திலேயே பதிகிற மாதிரி ஜிபிஎஸ் கேமராவில் எடுங்கள். பக்கத்தில் மாறாத ஒரு அடையாளம் தெரியட்டும், கோயில் மதிலோ கடை போர்டோ. விளக்கு எரியவில்லை என்றால் கம்பத்தில் எழுதியிருக்கும் நம்பரைத் தனியாக ஒரு படம் எடுங்கள். ஒரே புகாரில் மூன்று விஷயத்தைச் சேர்க்காதீர்கள், ஒன்றை முடித்துவிட்டு மூன்றையும் மூடிவிடுவார்கள். கரண்டுக்கு 1912, தண்ணீருக்கும் பாதாளச் சாக்கடைக்கும் 1916, மாநகராட்சி வேலைக்கு 1533. போன் செய்தால் புகார் எண்ணை வாங்காமல் வைக்காதீர்கள்.

இதெல்லாம் சொன்னாலும், எங்கள் தெருவில் ஆப் வைத்திருப்பது என் வயதுக்காரர்கள் மட்டும்தான். எங்கள் அப்பா, பெரியப்பா எல்லாருக்கும் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. படிக்கத்தான் வராது. இங்கிலீஷும் அப்படித்தான். ஆப்பைத் திறந்தால் இரண்டில் ஒன்று படிக்கத் தெரிய வேண்டும். அதனால் என்ன ஆகிறது என்றால், எங்கள் தெருவின் பிரச்சினை எது என்று முடிவு செய்வது இருபத்தைந்து வயதுப் பசங்களாகிய நாங்கள். நாங்கள் ரோட்டுப் பள்ளத்தைப் போடுவோம், எங்களுக்கு பைக். ராத்திரி தண்ணீர் பிடிக்க விழித்திருப்பது எங்கள் அம்மாக்கள். அது புகாராகவே போனதில்லை.

போனை வைத்து ஊரையே கூட்டவும் முடியும். 2016 அக்டோபர் 16, ஞாயிற்றுக்கிழமை. பசவேஸ்வரா சர்க்கிளில் இருந்து ஹெப்பாள் வரை இரும்பு மேம்பாலம் கட்டப்போகிறார்கள், 800க்கு மேல் மரங்கள் போகும் என்று சொன்னபோது, நான் காலேஜில் இருந்தேன். மெசேஜ் வந்தது, போய் நின்றோம். ஆயிரக்கணக்கான பேர் ரோட்டோரமாகக் கைகோத்து நின்றார்கள். எனக்கு இரண்டு பக்கமும் யார் என்றே தெரியாது, ஒருவர் பாட்டி. 2017 மார்ச்சில் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். அதே போன்தான் இன்றைக்கு அந்தப் பையனின் அம்மாவைப் படம் எடுத்திருக்கிறது.

#7 லிங்கராஜபுரம் அக்கா

தம்பி சொன்ன தண்ணீர் விஷயத்துக்கு நான் வருகிறேன், ஏனென்றால் நாங்கள் அதைத்தான் செய்தோம்.

எங்கள் சங்கத்தில் பதினெட்டுப் பெண்கள். வாராவாரம் சீட்டுக்குக் கூடுவோம். 2024 கோடையில் போர்வெல்கள் வற்றி டேங்கர் விலை ஏறியது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். எங்கள் வரிசைக்குக் காவேரித் தண்ணீர் ராத்திரியில், அதுவும் எப்போது வரும் என்று தெரியாது. புகார் கொடுத்தால், 'உங்கள் ஏரியாவுக்குச் சப்ளை ஒழுங்காகப் போகிறது' என்று பதில். அவர்கள் கையில் ரிஜிஸ்டர் இருக்கிறது, எங்கள் கையில் குடம்தான் இருந்தது.

எங்கள் கடைசி வீட்டு ஆயாவுக்கு எழுபது வயது, கையெழுத்துக்கூடப் போடமாட்டார். ராத்திரி முழுக்கக் குழாயடியில் உட்கார்ந்திருப்பது அவர்தான். அவர் பேத்தியின் பழைய போனில் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிக் கொடுத்தோம்: மைக் படத்தை அழுத்திப் பிடித்துப் பேசு, விட்டால் போய்விடும். அன்றிலிருந்து தண்ணீர் வரும்போது ஒன்று, நிற்கும்போது ஒன்று அனுப்புவார். "ரெண்டே முக்காலுக்கு வந்துச்சும்மா. நூலு மாதிரி வருது." அப்புறம், "மூணேகாலு. நின்னுடுச்சு. நாலு கொடம்." பின்னால் குடம் தட்டுகிற சத்தம் கேட்கும். இருபத்திரண்டு ராத்திரி.

அதைக் கேட்டு நான் ஒரு லாங் சைஸ் நோட்டில் எழுதினேன். தேதி, வந்த மணி, நின்ற மணி, எத்தனை குடம், புகார் எண், யாரிடம் பேசினோம், என்ன சொன்னார்கள். ஸ்கேலால் கோடு போட்டு ஏழு கட்டம். பிறகு எட்டுப் பேர் நோட்டை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனோம், ஆயாவும் வந்தார். எஞ்சினியர் ரிஜிஸ்டரைக் காட்டினார், தினமும் நாலு மணி நேரம் என்று இருந்தது. நான் வாதம் செய்யவில்லை. போனை அவர் மேஜைமேல் வைத்து, ஸ்பீக்கரில் ஆயாவின் குரலை ஒவ்வொன்றாகப் போட்டேன். ஐந்தாவதோ ஆறாவதோ போகும்போது அவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். "இவங்கதானா?" என்று ஆயாவைப் பார்த்துக் கேட்டார். அங்கேயே வால்வ்மேனைப் போனில் கூப்பிட்டார். மேல்வரிசைக்குத் திறந்த வால்வை எங்கள் பக்கம் திருப்பும் நேரத்தில் ஆள் வேறு இடத்துக்குப் போய்விடுகிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒரு வாரத்தில் ராத்திரி பதினொன்றுக்கு வர ஆரம்பித்தது. இன்றும் சில நாள் தவறுகிறது, ஆனால் ஆயா தூங்குகிறார்.

அதனால் மர்பிடவுன் தம்பி, குரூப்பைக் கலைக்காதே. குரூப்பில் இல்லாதவர்களிடம் போய்ப் பேசு. எழுதத் தெரியாதவர்களுக்குக் குரல் இருக்கிறது. புகார் எண்ணை நோட்டில் ஏற்று. போனில் இருப்பது நூறு காலை வணக்கத்துக்குக் கீழே புதைந்துவிடும்.

#8 ஈஜிபுரா தம்பி

அக்கா, அந்த நோட்டின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்துப் போட முடியுமா? ஆட்கள் பெயர் இருந்தால் மறைத்துவிடுங்கள்.

#9 லிங்கராஜபுரம் அக்கா

போடுகிறேன் தம்பி. சில பக்கத்தில் மஞ்சள் கறை இருக்கும், சமைத்துக்கொண்டே எழுதியது.

#10 வக்கீல் குமாஸ்தா

இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

முதலில் போட்டோ. 2012 இல் ஆதாரை எதிர்த்து உச்சநீதிமன்றம் போனவர் கே.எஸ். புட்டசாமி. கர்நாடக உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்றவர், இந்த ஊரிலேயே வாழ்ந்தவர். அந்த வழக்கில்தான் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள், தனியுரிமை அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னார்கள். அது அரசாங்கத்தைப் பார்த்துச் சொன்னது. நம் சந்தில் இருக்கிற ஒரு தாய்க்கு அந்த மரியாதையைக் கொடுக்க நாம் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். குரூப்பில் ஆதார் கார்டு, ரேஷன் கார்டு படங்களைப் போடுவதையும் இதே கையோடு நிறுத்துங்கள். பொதுமக்கள் எங்களிடம் வந்து அழுகிற பாதிக் கதை அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

இரண்டாவது, செல்வி கேட்ட கேள்வி. ஆட்டோ எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். பத்து ரூபாய்க்குத் தபால் ஆணை, வறுமைக் கோட்டுக் கார்டு இருந்தால் அதுவும் வேண்டாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு. கர்நாடகத்தில் ஒரு மனுவில் ஒரே ஒரு பொருள், 150 வார்த்தைக்குள் எழுத வேண்டும். பலபேர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள், நாலு பக்கத்துக்கு மனக்குறையை எழுதித் திரும்பி வருகிறது. குறையே எழுத வேண்டாம். இன்ன தெரு, இன்ன சந்து, குப்பை வண்டியின் வழித்தடமும் நேரமும் கொண்ட பட்டியலின் நகல், பொறுப்பான மேற்பார்வையாளரின் பதவி, அவ்வளவுதான். அந்தப் பட்டியல் கையில் வந்துவிட்டால், வண்டி வராத நாளை நீங்கள் சும்மா நோட்டில் குறித்தாலே போதும்.

மனுவைத் தமிழில் யோசியுங்கள், கன்னடத்தில் எழுதிக் கொடுங்கள். சீக்கிரம் நகரும்.

#11 செம்பூர் வாசி

மும்பையிலிருந்து எழுதுகிறேன், குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இங்கே 1990களின் பின்பாதியிலேயே, காட்கோபரில் ஒரு சந்து மக்கள் ஆரம்பித்துவைத்ததைப் பார்த்து, தெருவாரியாகக் குடியிருப்போர் குழு அமைத்து மாநகராட்சியோடு குப்பையைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. ஏ.எல்.எம். (அட்வான்ஸ்டு லொக்காலிட்டி மேனேஜ்மென்ட்) என்போம். கட்டட சொசைட்டி இருந்த இடங்களில் நன்றாக நடந்தது. தாராவி மாதிரியான இடங்களுக்கு அது பொருந்தவில்லை. குடிசைப் பகுதிகளுக்குத் 'தத்தக் வஸ்தி' என்று தனித் திட்டம் போட்டார்கள். வாட்ஸ்அப், ஆப் எல்லாம் வருவதற்கு முன்பே இந்தப் பிரிவு இருந்தது என்று சொல்லத்தான் எழுதினேன். எங்களுக்கும் அவசர எண் 1916தான்.

#12 ராமமூர்த்திநகர் செக்ரட்டரி

செல்வி அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் லேஅவுட்டின் பின்னால் இருக்கும் ஷெட்டு வீடுகளுக்கு இன்று காலை போனேன். கட்டட வேலைக்கு வந்தவர்கள், கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர்கள். எங்கள் வண்டி அங்கே போவதே இல்லை. கேமரா வைத்த பிறகு பிளாக் ஸ்பாட் போனது என்று நான் மேலே எழுதினேன். அது அவர்கள் பக்கத்து மழைநீர்க் கால்வாய்க்குப் போயிருக்கிறது. இதை இங்கே எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஆனால் ஒரு விஷயத்தை விட்டுக்கொடுக்கமாட்டேன். காரில் வந்து ஹோட்டல் குப்பையும் கோழிக் கழிவும் மூட்டையாகக் கொட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வண்டி நேரமெல்லாம் காரணமில்லை, பணம் மிச்சம். வண்டி நம்பரைப் படம் எடுத்து அதிகாரிக்கு அனுப்புவது சரிதான். முகத்தைக் குரூப்பில் போடுவது சரியில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

#13 விவேக்நகர் செல்வி

நன்றி சார். காரில் வருகிறவர்கள் விஷயத்தில் நானும் உங்கள் பக்கம்தான். அந்த ஷெட்டு வீட்டுக் குழந்தைகளுக்கும் டெங்கு வரும் சார், அவர்களுக்கும் சேர்த்து வண்டி கேளுங்கள்.

#14 மர்பிடவுன் வாசி

பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன்.

மறுநாள் காலையில் நின்று பார்த்தேன். ஆட்டோ பின் சந்துக்குள் போகவில்லை. முனையில் எங்கள் தெருக்காரர்கள் இரண்டு பக்கமும் கார் நிறுத்தியிருப்பதால் திரும்ப முடியாது என்று டிரைவர் சொன்னார். ஒரு கார் என் மாமாவுடையது.

அன்று சாயங்காலம் நானும் மனைவியும் அந்த அம்மா வீட்டுக்குப் போனோம். "பரவால்ல விடுப்பா" என்று சொல்லிவிடுவார் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் சொல்லவில்லை. உட்காரச் சொன்னார், டீ கொடுத்தார். பிறகு, "எம்புள்ள மூணு நாளு ஸ்கூலுக்குப் போவலப்பா" என்றார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. மனைவிதான் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே பேசினார். சந்தில் பதினாறு வீடு. பதினொரு வீட்டில் காலை ஏழுக்கு முன்னால் எல்லாரும் கிளம்பிவிடுவார்கள். வீட்டு வேலை, கார்மென்ட்ஸ், ஒருவர் சிவாஜிநகர் மார்க்கெட்டில் பூ. அக்கா சொன்ன மாதிரி ஒவ்வொரு வீட்டிலும் யார் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள் என்று கேட்டு, அவர்கள் குரலிலேயே பதிவு செய்தோம். பட்டியலை எழுதியது அந்தப் பையன். கன்னட மீடியம், கையெழுத்து அச்சு மாதிரி இருக்கிறது. பதினாறு வீட்டுக் கையெழுத்தும் விரல்ரேகையும் வாங்கி, துப்புரவு வேலையை மேற்பார்க்கும் மேஸ்திரியிடம் கொடுத்தோம். அந்த அம்மா வரவில்லை, பையன் வந்தான். மேஸ்திரி நல்ல மனுஷர். ஆறேகாலுக்கு ஒரு வண்டியை டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் பத்து நிமிடம் நிறுத்தச் சொல்கிறேன், மேலே கேட்டுத்தான் நிரந்தரமாகச் செய்ய முடியும் என்றார். மேலே கேட்பதற்காகத் தகவல் மனுவும் போட்டுவிட்டோம், 90 வார்த்தைதான் வந்தது.

குரூப்பில் ஒரே ஒரு விதி வைத்தோம். இடத்தைப் படம் எடுக்கலாம், ஆளை எடுக்கக் கூடாது. ஏழு பேர் குரூப்பை விட்டுப் போய்விட்டார்கள். பின் சந்திலிருந்து ஒன்பது பேர் வந்திருக்கிறார்கள், எல்லாம் வாய்ஸ் மெசேஜ்தான். மாமா காரை நகர்த்திவிட்டார், இன்னொரு கார் அப்படியே நிற்கிறது.

போட்டோ எடுத்தவர் அந்த அம்மாவிடம் போய்ப் பேசவில்லை. போட்டோ எடுத்தவர் வீட்டைத் தாண்டித்தான் பஸ் ஸ்டாப்புக்குப் போக வேண்டும். அந்த அம்மா இப்போதும் சுற்றிக்கொண்டு மெயின் ரோடு வழியாகத்தான் போகிறார்.

#15 லிங்கராஜபுரம் அக்கா

நோட்டு வாங்கிட்டியா தம்பி?

#16 மர்பிடவுன் வாசி

வாங்கிவிட்டேன் அக்கா, 200 பக்கம். அதுவும் பையன் கையில்தான் இருக்கிறது. முதல் பக்கம் இது:

திங்கள் 6.20 வந்தது, பதினொரு வீடும் கொடுத்தார்கள். செவ்வாய் 6.15. புதன் வரவில்லை, மேஸ்திரிக்குப் போன் செய்தோம், வண்டி ரிப்பேர். வியாழன் 6.25. வெள்ளி 6.15, டிரான்ஸ்பார்மருக்குக் கீழே மூன்று கவர் மட்டும்.